குடும்பத்துக்கு ஏற்ற நண்டு

"ஒரு பொறுப்புள்ள தகப்பன் என்ன செய்வான் தெரியுமா? முதல்ல தான் போய்ப் பார்ப்பான். படம் குடும்பத்துக்கு ஏத்ததான்னு சோதிப்பான். அப்புறந்தான் பொண்டாட்டி புள்ளைங்கள அழைச்சுக்கிட்டுப் போவான்."

இப்படிச் சொன்னவர் என் வீட்டுக்காரர் வசந்தகுமார். சொன்ன இடம் கட்டில். சொன்ன நிலை மல்லாக்க. நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு கையிலும் போன் இருந்தது.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் கடலோர ஊர் எங்களுடையது. சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் நிம்மதியாக முட்டையிட வேண்டுமாம். அரசாங்கம் மீனைப் பற்றி யோசித்தது. அத்தனை நாளும் புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டு அல்லாடும் பெண்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

தடைக்காலத்தில் படகுக்கு ஓய்வு உண்டு. வலைக்குக் கிடையாது. படகு முதலாளி பஞ்சநதம் மாமா கிழிந்த வலைகளை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தடை முடிவதற்குள் கிழிசலைப் பார்த்துப் பார்த்துப் பொத்திக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பங்கு வலை கொல்லையில் குவிந்து கிடந்தது. கோழி ஒன்று அதற்குள் புகுந்து முட்டையிட்டது. அடைகாத்தது. குஞ்சும் பொரித்தது. இவர் இன்னும் வலை ஊசியை எடுத்தபாடில்லை.

காரணம், கொடுக்குப்படை.

அது போனில் ஆடும் ஒரு கேம். அதில் நண்டுகள்தான் கதாநாயகர்கள். தொப்பி போட்ட மீனவன் ஒருத்தன் வலை வீசுவான். நாம் விரலை இழுத்தால் நண்டு தன் கொடுக்கை நீட்டி வலையை அறுக்கும். அறுக்க அறுக்க மணி அடிக்கும். முத்து கொட்டும். அடுத்த லெவல் திறக்கும்.

"ஏங்க, நெசக் கடல்ல நண்டு வலையக் கிழிச்சா அதோட ஏழு தலைமுறையையும் திட்டுறீங்க. போன்ல நீங்களே நண்டாகி அறுத்துத் தள்ளுறீங்களே?"

"இது மூளைக்கு வேலை பிரதீபா."

"கொல்லைல கெடக்குறது?"

"அது கைக்கு வேலை. மூளை வேலை முடியட்டும், அப்புறம் கை."

முடிகிற அளவுக்கு அங்கே எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. குடும்பம் நடத்த வேண்டும் அல்லவா?

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கேமையே பொம்மைப் படமாக எடுத்து, தமிழ் பேசவைத்து, மாயவரத்துத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் மகள் தர்ஷிகா மூன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருக்கிறாள். விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தாள். சின்னவன் சர்வேசுக்கு இரண்டு வயசு. அவனுக்குப் படமும் ஒன்றுதான், பப்பாளியும் ஒன்றுதான். ஆனால் அக்கா அழுதால் அவனும் சேர்ந்து அழுவான். ஒற்றுமையான பிள்ளைகள்.

எனக்கும் போக வேண்டும் என்று இருந்தது. அதற்கு நண்டு காரணமில்லை. என் கதை வேறு.

தர்ஷிகா பிறந்த நாளிலிருந்து ஒரு படத்தின் முடிவைக்கூட நான் பார்த்ததில்லை. தியேட்டருக்குப் போவோம். உட்காருவோம். கதை நன்றாகச் சூடு பிடிக்கும். சரியாக அந்த நேரத்தில் மடியில் இருக்கிற பிள்ளை வீறிடும். இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லுவார்: "புள்ளை அழுவுது பாரு." பார்த்தால் என்ன அர்த்தம்? தூக்கிக்கொண்டு வெளியே போ என்று அர்த்தம். நானும் போவேன். மாடிப்படியில் உட்காருவேன். எச்சில் துப்பாதீர்கள் என்ற பலகையை மனப்பாடம் செய்வேன். பாப்கார்ன் விற்கிறவருடைய மகளுக்கு எத்தனை வரன் தட்டிப்போயிற்று என்பது அவர் சம்சாரத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

படம் விட்டு இவர் வெளியே வருவார்.

"எப்படிங்க முடிஞ்சுச்சு?"

"நல்லா முடிஞ்சுச்சு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கிற முடிவு. மலை உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்த கதாநாயகன் ஒருவனை, தர்ஷிகா கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பொறுத்தவரை அவன் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆகையால் இந்த முறை ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நண்டோ நரியோ, இந்தப் படத்தின் கடைசிக் காட்சியை இருக்கையில் உட்கார்ந்து பார்த்தே தீருவது.

அப்போதுதான் பொறுப்புள்ள தகப்பன் கட்டிலில் இருந்து பேசினார்.

"நீங்க மட்டும் போயிப் பார்ப்பீங்களா?"

"மதிவாணனும் வர்றான். அவனும் பொறுப்புள்ள தகப்பன்தான்."

மதிவாணன் அண்ணன் அடுத்த வீடு. ஒரே படகு. ஒரே கேம். இரண்டு பொறுப்புகளும் தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, சென்ட்டும் அடித்துக்கொண்டு காலைக் காட்சிக்கு பஸ் ஏறின. பொம்மைப் படத்துக்கு எதற்கு சென்ட் என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று பதில் வந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். முகத்தில் துக்கம். தர்ஷிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, படம் எப்படிப்பா?"

"வேணாம்மா. குடும்பத்துக்கு ஏத்த படம் இல்ல அது."

"ஏம்பா?"

"புள்ளைங்க கேக்குற விஷயமில்ல. உள்ள போ." அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இவர் குரலைத் தாழ்த்தினார். "பிரதீபா, ஒரே அடிதடி. நம்ம தொழிலையே கேவலப்படுத்தி வெச்சிருக்கான். கடைசில என்னாவுது தெரியுமா? அத்தனை நண்டும் ஒண்ணாச் சேர்ந்து, அந்த மீனவனக் கால்ல புடிச்சு, தரதரன்னு இழுத்துக்கிட்டுக் கடலுக்குள்ள போயிடுது. அவன் 'அம்மா'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். முடிஞ்சுது. எனக்கே ரத்தம் உறைஞ்சு போச்சு. புள்ளைங்க பார்த்தா நாளைக்கு என்னைக் கடலுக்கு அனுப்புமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. சோற்றைப் போட்டேன். குனிந்து குழம்பை ஊற்றும்போதுதான் கவனித்தேன். இவருடைய இடது கன்னத்தில் கோடுகோடாகத் தடம் பதிந்திருந்தது. பாயில் குப்புறப் படுத்து எழுந்தால் விழுமே, அந்த மாதிரி. ஆனால் பாய்த் தடம் இல்லை. ரெக்சின் சீட்டுத் தையல்.

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மறுநாள் அம்சம் அக்கா வீட்டுக்குப் போனேன். மதிவாணன் அண்ணனுடைய சம்சாரம். முறத்தில் நெத்திலிக் கருவாட்டைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன்.

"என்னக்கா, உங்க வீட்டுலயும் படம் ஆகாதுன்னுட்டாரா?"

"ஆமா புள்ள. குடும்பத்தோட பார்க்க முடியாதாம்."

"பாவங்க்கா அந்த மீனவன். நண்டெல்லாம் சேர்ந்து இழுத்துட்டுப் போனா என்னா துடி துடிச்சிருப்பான்?"

அக்காவின் கை நின்றது. "எங்க இழுத்துட்டுப் போச்சு?"

"கடலுக்குள்ள. கடைசில."

"கடைசில அவன் நண்டா மாறிடுறான் புள்ள! ஒரு மந்திரவாதி சபிச்சு, பத்துக் கால் மொளைச்சு, பொண்டாட்டி புள்ளைக்கே அடையாளம் தெரியாமப் போயிடுது. எங்க வீட்டு ஆளு சொல்றப்ப கண்ணுல தண்ணி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரே தியேட்டர். ஒரே காட்சி. பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருவனை நண்டு இழுத்துப் போகிறது, ஒருவன் நண்டாகவே போகிறான்.

"அக்கா, அண்ணன் கன்னத்துல தடம் ஏதும்..."

"வலது கன்னத்துல. பஸ்சு சீட்டுன்னு சொன்னாரு."

"எங்க வீட்டுல இடது கன்னம்."

"அட கருவாடே! ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா சீட்டுல சாஞ்சு தூங்கியிருக்குதுங்க!"

காலங்காலமாக விடியுமுன் எழுந்து கடலுக்குப் போகிற உடம்பு. ஏசி போட்ட இருட்டில் மெத்தை இருக்கை கொடுத்தால் அது வேறு என்ன செய்யும்? நாங்கள் சிரித்த சிரிப்பில் கருவாடு கிள்ளுவது நின்று, பூனை ஒன்று வந்து பத்துப் பதினைந்தை முடித்துவிட்டது. சிரித்து முடித்தபின் அக்கா இன்னொரு விஷயமும் சொன்னாள்.

"இதுங்க எதுக்குப் போச்சுங்க தெரியுமா? அந்தக் கேமுல கடைசி லெவல் தாண்ட முடியலையாம். எத்தனை தடவ அறுத்தாலும் நண்டு தோத்துப் போயிடுதாம். அதைத் தாண்டுற வழி படத்தோட முடிவுல இருக்குன்னு எவனோ சொல்லியிருக்கான்."

ஆக, இவருக்கும் முடிவுதான் வேண்டும். எனக்கும் முடிவுதான் வேண்டும். இவர் போய், அந்த முடிவில் குறட்டை விட்டுவிட்டு, எனக்கும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்.

"கேட்டுருவோமா புள்ள?" என்று அக்கா முறத்தைத் தள்ளி எழுந்தாள்.

"உக்காருங்கக்கா. கேட்டா என்ன ஆவும்? 'சரி, கண்ணசந்துட்டேன், வா எல்லாரும் போவோம்'னு சொல்லுவாரு. போவோம். நல்ல நேரத்துல சர்வேசு அழுவான். 'புள்ளை அழுவுது பாரு.' நான் படிக்கட்டுக்குப் போயிடுவேன்."

"அப்ப?"

"அவங்க சொன்னது நிஜம்னே வெச்சுக்குவோம். நம்ம தொழிலைக் கேவலப்படுத்துற படம்னா அதைச் சும்மா விடலாமா?"

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலைத் தொடுகிற எந்த விஷயமும் ஒரு வீட்டோடு நிற்காது. மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசித்தான் தீர்ப்பார்கள். பிராது சொன்னவர் அது முடியும்வரை கூடவே நிற்க வேண்டும். பாதியில் கழன்றுகொள்ளக் கூடாது. கூட்டத்தை நடத்துகிறவர் பஞ்சநதம் மாமா. பஞ்சநதம் மாமாவை நடத்துகிறவர் அவர் சம்சாரம் சாவித்திரி அத்தை. கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. உட்காரத் தேவையும் இருந்ததில்லை.

சாயங்காலம் குழாயடியில் அத்தையைப் பிடித்தேன்.

"அத்தை, மாயவரத்துல ஓடுற நண்டுப் படத்துல மீனவனை அநியாயமாக் கொல்லுறாங்களாம். இவரு பார்த்துட்டு வந்து சோறே எறங்கல."

"அப்படியா? மாமாகிட்ட சொல்றேன், பேசட்டும்."

"பேசட்டும் அத்தை. ஆனா பொம்பளைங்களும் புள்ளைங்களும் பார்க்கலாமா கூடாதான்னு ஆம்பளைங்க மட்டும் பேசி என்ன கண்டாங்க? பார்க்கப் போறது அவங்களா?"

அத்தை குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏன்டி பிரதீபா, அது ஏசி தியேட்டரா?"

"ஜில்லுன்னு இருக்கும் அத்தை."

"அப்ப நியாயமாத்தான் சொல்றே" என்றாள் அத்தை.

கூட்டம் கூடிய அன்று இவருக்குக் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு இவர் மைக் பிடித்தது கிடையாது. கல்யாணத்தில் மொய் வாசிக்கக்கூட யாரும் கொடுத்ததில்லை. பெண்கள் எல்லாரும் எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டோம். கூட்டத்துக்கு முன்னால் இவரும் மதிவாணன் அண்ணனும் படகு மறைவில் நின்று குசுகுசுத்ததை நான் பார்த்திருந்தேன். அதனால் முடிவு இப்போது ஒன்றாகிவிட்டிருந்தது.

"அய்யா பெரியோர்களே! முதல்ல மந்திரவாதி சபிக்கிறான். மீனவன் நண்டா மாறுறான். நண்டா மாறினவனை மத்த நண்டுங்க விடல. கால்ல புடிச்சு இழுத்துக்கிட்டு..."

"எந்தக் காலுப்பா? பத்து இருக்குமே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"எல்லாக் காலையுந்தான்! அய்யா, எனக்காக நான் பேசலை. நமக்கு முக்கியம் புள்ளைங்க! எங்கள் புள்ளைங்க, உங்கள் புள்ளைங்க, ஊர்ப் புள்ளைங்க! அவங்க நல்லதுக்காக இந்த வசந்தகுமார் எந்த எல்லைக்கும் போவான்!"

கைதட்டல். இவர் மைக்கை விடாமல் இன்னொரு முறை அதையே சொன்னார். அம்சம் அக்கா என் விலாவில் இடித்தாள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

பஞ்சநதம் மாமா தொண்டையைச் செருமினார்.

"படம் பொம்பளை புள்ளைங்களுக்கு ஏத்ததா இல்லையாங்கறதுதான் பிராது. அப்ப அதை அவங்கதான் பார்த்துச் சொல்லணும். ஊர்ப் பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வரட்டும். ஆகாதுன்னு சொன்னா தியேட்டர்காரன்கிட்ட பேசுவோம். மீன் லோடு வண்டியெல்லாம் சும்மாதானே நிக்குது, அதுல போகட்டும். பிராது சொன்ன வசந்தகுமாரும் மதிவாணனும் கூடப் போகணும்."

அத்தை எதிர்வீட்டு வாசலில் நின்று, தான் சொல்லிக் கொடுத்தது ஒரு வார்த்தை பிசகாமல் வருகிறதா என்று உதட்டை அசைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொய் வெளுத்துவிடுமே என்ற பயம் அரை நிமிஷம் வந்து போயிற்று. பிறகு ஒரு வெளிச்சம். அந்த முடிவைப் பார்க்க இன்னொரு வாய்ப்பு. கடைசி லெவல்! வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஊர் சொல்லிட்டா மீற முடியுமா பிரதீபா? போய்த்தான் ஆகணும். அன்னிக்குக் காலைல எனக்கு ரெண்டு டீயா போடு."

வியாழக்கிழமை இரண்டு லோடு வண்டியில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஏறினோம். வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் வேறு படம் மாறுகிறது. இதுதான் கடைசி நாள். வழிநெடுக வயல் காய்ந்து கிடந்தது. போர்செட் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். வண்டி போன பக்கமெல்லாம் கொக்குகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வண்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித்தான் இருந்தோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் மீன் ஏற்றின வண்டி. அந்த வாசம் எங்கள் பட்டுப்புடவையில் ஏறிக்கொண்டு எங்களுடன் படம் பார்க்க வந்தது. தியேட்டரில் எங்களுக்கு முன்வரிசையில் இருந்த மாயவரத்துக் குடும்பம் ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு வரிசை முன்னால் நகர்ந்தது.

"நண்டுப் படம் எவ்வளவு தத்ரூபமா இருக்கு பார்த்தீங்களா, வாசம்கூட வருது" என்றாள் அந்தக் குடும்பத்தின் பெண் குழந்தை.

படம் ஆரம்பித்தது. இவர் இரண்டு டீயின் பலத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. இடைவேளை போயிற்று. நண்டுகள் வலையை அறுத்தன. மீனவன் கோபப்பட்டான். புயல் கிளம்பியது. கடல் கறுத்தது. இவர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

இடி இடித்தது.

சர்வேசு வீறிட்டான். எனக்குத் தெரியும். படத்துக்கு இடி உண்டென்றால் என் பிள்ளைக்கு அழுகை உண்டு.

"பிரதீபா, புள்ளை அழுவுது பாரு." கண் திரையில்தான்.

"பாருங்க" என்றேன். என் கண்ணும் திரையில்தான்.

"என்னது?"

"நீங்கதான மைக்குல சொன்னீங்க. புள்ளைங்க நல்லதுக்காக எந்த எல்லைக்கும் போவேன்னு. படிக்கட்டு வரைக்கும் போங்க, போதும்."

"ஏய், இப்பத்தான் முக்கியமான..."

பின்வரிசையிலிருந்து சாவித்திரி அத்தையின் குரல் வந்தது. "யாருப்பா அது, நடுவுல பேசறது? வசந்தாவா? புள்ளை அழுவுது, தூக்கிக்கிட்டுப் போயேன். ஊருக்கு முன்னாடி சொன்ன வார்த்தை என்னாச்சு?"

ஊருக்கு முன்னால் சொன்னது அல்லவா? இவர் எழுந்தார். சர்வேசைத் தூக்கினார். அவன் அழுததைப் பார்த்து இன்னொரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று. கைக்குழந்தை வைத்திருந்த ஒவ்வொருத்தியும் இருட்டில் எழுந்து வந்தாள்.

"அண்ணே, இவனையும் கொஞ்சம்."

"தம்பி, நீதான ஊர்ப் புள்ளைங்கன்னு சொன்னே, இந்தா இவளையும் புடி."

"மதிவாணா, நீயும் எந்திரி" என்றாள் அத்தை. அம்சம் அக்கா தன் பங்குக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்கிப் புருஷன் தோளில் ஏற்றினாள்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் இரண்டு உருவம். ஒவ்வொன்றுக்கும் நண்டு மாதிரி நாலா பக்கமும் கையும் காலும் முளைத்திருந்தன. மீனவன் நண்டாக மாறுகிறான் என்று சொன்னார்களே, அது மட்டும் அன்றைக்கு மெய்யாயிற்று. கதவு மூடிக்கொண்டது.

நான் இருக்கையில் நன்றாகச் சாய்ந்தேன். மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்றுகூட முதலில் தெரியவில்லை. பிறகு தர்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிக் காட்சி வந்தது. முழுசாக வந்தது. பெயர்கள் மேலே ஓடி, பாட்டு அடங்கி, விளக்குப் போட்டு, கூட்டுகிற அம்மா துடைப்பத்துடன் வந்து நிற்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் வந்ததா என்று கேட்டால் வந்தது. பொம்மை நண்டுக்கு அழுதேனா, படம் முடிந்ததைப் பார்த்ததற்கு அழுதேனா என்பது என் சொந்த விஷயம்.

வெளியே வந்தால் படிக்கட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு, தோளில் ஒன்று. சட்டையில் யாரோ ஒரு குழந்தை பால் கக்கியிருந்தது. சென்ட் வாசனை தோற்றுவிட்டது.

"எப்படி முடிஞ்சுது பிரதீபா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் இந்தக் கேள்விக்கு!

"நல்லா முடிஞ்சுது" என்றேன்.

வண்டி ஏறும் முன்னால் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் ஒன்றாக நின்று ஒரு சத்தியம் செய்துகொண்டோம். முடிவை ஆண்கள் யாருக்கும் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குச்சி ஐஸ்.

அன்று சாயங்காலமே கோயில் வாசலில் அத்தையின் தீர்ப்பை மாமா வாசித்தார். படம் குடும்பத்துக்கு ஏற்றதே. ஆண்டுக்கு ஒன்றாவது இப்படிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஊருக்கு நல்லது.

"ஏம்பா வசந்தா, நண்டு இழுத்துட்டுப் போகுதுன்னு சொன்னியே?"

"அது காலைக் காட்சி மாமா. நாளுக்கு நாள் மாத்திடுறாங்க போல" என்றார் இவர். ஊரே சிரித்துக் கலைந்தது.

அப்புறம் ஆரம்பித்தது இவர் பாடு. வெள்ளிக்கிழமை தியேட்டரில் படம் மாறிவிட்டது. போனில் தேடிப் பார்த்தார். முடிவைச் சொல்கிறேன் என்று ஒருவன் அரைமணி நேரம் பேசிவிட்டு மசாலாப் பொடி விற்றான். தர்ஷிகாவைக் கொஞ்சினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போய்விட்டாள். மதிவாணன் அண்ணன் வீட்டில் அம்சம் அக்கா கருவாட்டுக் கத்தரிக்கோலைக் காட்டினாளாம்.

கடைசியில் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"பிரதீபா, ஒரே ஒரு விஷயம். கடைசில அந்த நண்டு என்னதான் பண்ணுது?"

"ஏங்க, நீங்கதான் முழுசாப் பார்த்துட்டு வந்து ரத்தம் உறைஞ்சு போனீங்களே?"

"அது வந்து... கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"எப்போ?"

"பேர் போட்டாங்க பாரு, அப்போ."

"முன்னாடி போட்ட பேரா, பின்னாடி போட்ட பேரா?"

இவர் தலையைச் சொறிந்தார். நான் கொதிக்கிற சோற்றைக் கிளறினேன்.

"சொல்றேங்க. கட்டாயம் சொல்றேன். கொல்லைல கெடக்குற வலைய முழுசாப் பொத்துங்க. கடைசிக் கிழிசல் பொத்தி நைலான் நரம்பை அறுக்குற அன்னிக்கு முடிவைச் சொல்றேன். தடை முடிய நாள் நெருங்குது. மாமா வந்து பார்த்தா கோழிக்குத்தான் படகுல எடம் குடுப்பாரு."

இவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். போனைக் கட்டிலில் வைத்தார்.

கோழியும் குஞ்சுகளும் வெளியேற்றப்பட்டன. தேடாமலே வலை ஊசி கிடைத்தது. நரம்பு நிழலில் விரிந்தது. சொல்லக் கூடாது, வேலையில் இறங்கினால் என் வீட்டுக்காரர் கைக்கு ஊரில் ஈடு கிடையாது. ஊசி போவதும் தெரியாது, முடிச்சு விழுவதும் தெரியாது. கிழிசல் இருந்த இடத்தை மறுநாள் அவரே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். டீ கொண்டுபோய்க் கொடுத்தால், "இழுத்துட்டுப் போகலைன்னா, கொடுக்கை ஒடிச்சுடுதா?" என்று கேட்பார். "வேலையைப் பாருங்க" என்பேன். பஞ்சநதம் மாமா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடா வசந்தா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று விசாரித்துப் போனார்.

ஒருநாள் சாயங்காலம் கடைசி முடிச்சைப் போட்டு, நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, வலையைத் தூக்கி உதறினார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு கிழிசல் இல்லை.

"ம். சொல்லு."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"புயல்ல அந்த மீனவன் படகு அடிச்சுக்கிட்டுப் போகுது. அதுல அவன் மக இருக்கா. நண்டுக் குஞ்சுங்களும் அதுலதான் மாட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க. படகைத் தடுத்து நிறுத்த அந்த ஒரு வலைதான் இருக்கு. ஆனா நண்டுங்க அதைத்தான் அறுத்து நாசம் பண்ணி வெச்சிருக்குதுங்களே?"

"ஆமா? அப்புறம்?"

"அப்புறம் என்ன? நண்டெல்லாம் வரிசையா ஒக்காந்து வலையப் பொத்துதுங்க. அறுக்குறவரைக்கும் அந்த லெவல் முடியாது. பொத்தணும்."

இவர் வலையைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். தன் விரலில் நரம்பு அறுத்த தடத்தைப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்து உள்ளே ஓடினார்.

"தர்ஷிகா! போனு எங்க? குடு இங்க! கடைசி லெவல் எப்படின்னு அப்பா கண்டுபுடிச்சுட்டேன்!"

தர்ஷிகா கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்தாள். இரண்டு கையிலும் போன் இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அதைப் போன வாரமே முடிச்சுட்டேம்பா. நீங்க வலை பொத்துறப்ப போன் சும்மாதானே கெடந்துச்சு!"